யூத வெறுப்புச் சம்பவத்தைப் பார்த்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது: இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

லண்டனில் எட்ஜ்வேர், ஹெண்டன் பக்கம் யூதக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ கிறுக்கிவிட்டுப் போவதையும், பஸ்ஸில் கிப்பா (யூத ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பி) வைத்த பையனைப் பார்த்து ஒருவன் கத்துவதையும் முதலில் பார்ப்பவர் நீங்களாக இருக்கலாம்.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். "இது உண்மையிலேயே யூத வெறுப்பா? குற்றம் என்று சொல்லலாமா?" என்று யோசித்தே முதல் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். சொன்ன வார்த்தை மறந்துபோவதும், சாட்சிகள் கலைந்துபோவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இதில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. பதிவு செய்வதற்கு ஓர் அளவுகோல், நீதிமன்றத்துக்கு வேறோர் அளவுகோல். நடந்தது ஒரு குற்றம், அதற்குக் காரணம் இன வெறுப்போ மத வெறுப்போ என்று பாதிக்கப்பட்டவரோ வேறு யாரேனும் ஒருவரோ கருதினால் போதும், போலீஸ் அதை வெறுப்புக் குற்றமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த "வேறு யாரேனும்" நீங்களாக இருக்கலாம். நிரூபிக்கும் பாரம் பின்னால் வருவது; அது உங்கள் தலையில் இல்லை. உங்கள் வேலை, கண்டதும் கேட்டதும் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

(ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் முதல் தனி வெறுப்புக் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கீழே சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும்.)

1. முன்கூட்டியே போனில் சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

பதற்றத்தில் எண் தேடினால் கிடைக்காது. இன்றே ஏற்றி வையுங்கள்.

999: ஆபத்து இப்போதே இருந்தால், அல்லது ஆள் இன்னும் அங்கேயே நின்றால்.
101: நடந்து முடிந்துவிட்டது, அவசரம் இல்லை என்றால்.
61016: ரயிலிலோ ஸ்டேஷனிலோ லண்டன் அண்டர்கிரவுண்டிலோ நடந்தால் பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் போலீஸுக்கு எஸ்.எம்.எஸ்.
0800 032 3263: கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட் என்ற யூதப் பாதுகாப்பு அமைப்பின் 24 மணி நேர எண். சுருக்கமாக சி.எஸ்.டி.
0800 555 111: பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க க்ரைம்ஸ்டாப்பர்ஸ்.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். பஸ்ஸில் நடந்ததையும் 61016-க்கு அனுப்பிவிடுகிறார்கள். அது ரயிலுக்கு. பஸ் என்றால் அந்தப் பகுதிப் போலீஸ், அதாவது 999 அல்லது 101.

2. முதலில் உயிர், பிறகுதான் ஆதாரம்

அடி விழுகிறது, மிரட்டல் நடக்கிறது என்றால் வீடியோ எடுக்க நிற்காதீர்கள். 999 அடியுங்கள். பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து கூப்பிட்டால், ஆபரேட்டர் கேட்கும்போது 55 அழுத்துங்கள். இல்லையென்றால் தவறுதலாக வந்த அழைப்பென்று துண்டித்துவிடக்கூடும். 55 அழுத்தியதால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. முடிந்தால் இருமியோ போனில் தட்டியோ அவர்கள் கேட்பதற்குப் பதில் கொடுங்கள்.

தாக்குபவனோடு வாதம் செய்ய வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நின்று, அவரிடம் மட்டும் பேசுங்கள். "நான் கூட இருக்கிறேன், அந்தக் கடைக்குள் போகலாம் வாங்க" என்றால் போதும். நீங்கள் சண்டையில் இறங்கினால், போலீஸ் வரும்போது யார் தாக்கியவர் என்பதே குழம்பிவிடும்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை இன்னொன்று கவனிக்க வேண்டும். அது சபாத், யூதர்களின் ஓய்வு நாள். கடைப்பிடிப்பவர்கள் போன் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், பெரும்பாலும் போன் கையில் இருக்கவே இருக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விதி விலகிவிடும். ஆனால் யாரோ திட்டியதற்கோ தொப்பியைத் தட்டிவிட்டதற்கோ அவர்கள் சனி இரவு வரை காத்திருப்பார்கள். யூதர்களின் வழிபாட்டு இடமான சினகாக்குக்குக் குடும்பம் குடும்பமாக நடந்து போகும் நேரமும் அதுதான். எனவே "அவரே கூப்பிட்டுக்கொள்வார்" என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கூப்பிடுங்கள். வாக்குமூலத்தைச் சனி இரவுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று போலீஸிடம் சொல்லுங்கள்.

3. எதை வைத்து அடையாளம் காண்பது

சில வெளிப்படையானவை: நாஜி வணக்கம், ஹிட்லர் பேச்சு, சினகாக் கதவை உடைப்பது, கல்லறையைச் சேதப்படுத்துவது. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்கள் தவறவிடுபவை வேறு.

யூதரைப் பார்த்துச் சில்லறை வீசுவது கேலி அல்ல, "பணப்பேய்" என்ற பழைய அவதூறு. வாயால் "ஸ்ஸ்ஸ்" என்று காற்றுவிடும் ஓசை நாஜிகளின் விஷவாயுவைக் குறிப்பது. 88 என்ற எண் ஹிட்லர் வணக்கத்தின் சங்கேதம். ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்தான H இரண்டு முறை, அதாவது "ஹைல் ஹிட்லர்". இணையத்தில் ஒருவர் பெயரைச் சுற்றி இருபுறமும் மூன்று மூன்று அடைப்புக்குறி போட்டிருந்தால், "இவன் யூதன்" என்று குறி வைக்கிறார்கள்.

வாசல் நிலையின் வலப்பக்கம் சாய்வாக ஒரு சிறு குழல் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மெசூசா. உள்ளே கையால் எழுதிய எபிரேய வசனத் தோல் இருக்கும். அதைப் பிடுங்கி எறிந்திருந்தால், அந்த வீடு யூதர் வீடு என்று தெரிந்தே செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் பக்கம் கம்பங்களுக்கு நடுவே மெல்லிய கம்பி ஓடும். அது எரூவ்; சபாத் அன்று வெளியே பொருள் எடுத்துச் செல்லக்கூடிய பகுதியின் எல்லை. அதை வெட்டுவதும் இந்தக் கணக்கில் வரலாம்.

ஸ்வஸ்திக் விஷயத்தில் நம்மவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். பூஜையறையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போடும் சின்னம் அது. "நாஜிச் சின்னம் சாய்ந்திருக்கும், நம்முடையது நேராக இருக்கும்" என்று வடிவத்தை வைத்துப் பிரிக்கப் பார்ப்பார்கள். கொடியில் அச்சிட்டதற்கு அது பொருந்தும்: சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், 45 பாகை சாய்ந்த கறுப்புச் சின்னம். ஆனால் ராத்திரியில் அவசரமாக ஸ்ப்ரே அடிப்பவன் அளவெடுத்து வரைவதில்லை. நேராக இருக்கும், கைகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும், ஒரு கை விட்டுப்போயிருக்கும். எனவே வடிவத்தை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். மஞ்சள் குங்குமத்தோடு ஓர் இந்து வீட்டு நிலைப்படியில் இருப்பது வழிபாடு. யூதப் பள்ளி மதிலில் கறுப்பு ஸ்ப்ரேயில் இருப்பது மிரட்டல்.

இஸ்ரேல் பற்றிய பேச்சுக்கும் அதே இடச்சோதனை உதவும். ஓர் அரசை, அதன் போரை, அதன் கொள்கையைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. பிரிட்டிஷ் அரசு 2016-இல் ஏற்ற சர்வதேச வரையறையே, மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு அல்ல என்கிறது. இஸ்ரேல் செய்ததற்கு எங்கோ வாழும் யூதர்களைப் பொறுப்பாக்குவதை யூத வெறுப்புக்கான உதாரணங்களில் ஒன்றாகவும் அது சொல்கிறது. ஊர்வலத்தில் பிடித்த ஒரு பதாகை அரசியல் பேச்சு. அதே வாசகத்தை சினகாக் கதவில் எழுதுவதும், பள்ளி விட்டு வரும் யூதக் குழந்தையின் முகத்துக்கு நேரே கத்துவதும், அவர்கள் யூதர் என்பதற்காகவே குறி வைப்பது. இந்தக் கோட்டை இரண்டு பக்கமும் மதியுங்கள். வெறும் அரசியல் கருத்தை வெறுப்புக் குற்றமாகப் புகார் செய்தால் உண்மையான புகாரின் மதிப்பும் குறையும்.

பாதிக்கப்பட்டவர் யூதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோஷர் கடையில் (யூத உணவு விதிப்படி பொருள் விற்கும் கடை) வேலை பார்க்கும் தமிழரை யூதர் என்று நினைத்து அடித்தாலும், யூதரோடு பழகுகிறார் என்பதற்காக அடித்தாலும் சட்டம் அதே சட்டம்தான்.

4. சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

1998-ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டப்படி, தாக்குதல், பொருள் சேதம், பொது ஒழுங்குக் குற்றம், தொந்தரவு ஆகியவற்றோடு இன அல்லது மத வெறுப்பு சேர்ந்தால் அது கூடுதல் தண்டனைக்குரிய தனிக் குற்றம். சாதாரணக் கைகலப்புக்கு உச்சபட்சம் 6 மாதம் என்றால், வெறுப்போடு சேர்ந்தால் 2 ஆண்டு. மற்றக் குற்றங்களுக்கு 2020-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தண்டனையைக் கூட்டச் சொல்கிறது. அந்த வெறுப்பைக் காட்டுவது பெரும்பாலும் வாயிலிருந்து வந்த சொல்தான். குற்றத்தின்போதோ, அதற்குச் சற்று முன்போ பின்போ சொல்லியிருந்தாலும் கணக்கில் வரும். தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தபடியே ஒரு வசை வீசினான் என்றால், அந்த வசையை எழுதாமல் விட்டால் அது வெறும் தள்ளுமுள்ளு.

"யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசினான்" என்று எழுதினால் பயன் இல்லை. அசிங்கமான வார்த்தையாக இருந்தாலும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேட்டதை ஆங்கிலமாகவே எழுதுங்கள், எழுத்துப்பிழை பரவாயில்லை. தமிழ் எழுத்தில் ஒலிப்பாக எழுதினாலும் சரி. தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, பிறகு அதை மறுபடி ஆங்கிலமாக்கிச் சொன்னால் வார்த்தை மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

கூடவே இவை: மணி, இடம் (எந்தக் கடைக்கு எதிரே, எந்த ஸ்டாப்), ஆளின் உயரம், உடை, செருப்பு அல்லது ஷூ, போன திசை, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெளிச்சம் எப்படி. ஷூவைக் குறிப்பாகச் சொல்கிறோம். சட்டையை மாற்றிக்கொள்பவன் ஷூவை மாற்றுவது அரிது. பஸ் என்றால் ரூட் எண் மட்டும் போதாது, வண்டிப் பதிவெண்ணும் வேண்டும். ஒரே ரூட்டில் பல பஸ் ஓடும்.

கூட இருந்த சாட்சிகளோடு பேசி ஒத்துப்போகும்படி எழுத வேண்டாம். நான்கு பேர் வாக்குமூலமும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் நம்பகம் போய்விடும். அவரவர் பார்த்ததை அவரவர் எழுதட்டும். கிறுக்கிய காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்; நகல் எடுத்து அழகாக எழுதியதைவிட அந்தக் கிறுக்கலுக்குத்தான் மதிப்பு.

5. சுவர், கடிதம், கேமரா

சுவர்க் கிறுக்கலைப் பார்த்ததும் கை தன்னால் துடைக்கத் துணி தேடும். மனசு கேட்காது, உண்மைதான். முதலில் படம் எடுங்கள். தெருவும் கட்டடமும் தெரிய ஒன்று, சுவர் முழுவதும் தெரிய ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. நெருக்கப் படத்தில் பக்கத்தில் ஒரு அடிக்கோல் அல்லது பவுண்டு நாணயம் வையுங்கள், அளவு தெரியும். கீழே ஸ்ப்ரே டப்பா, மூடி கிடந்தால் தொடாதீர்கள். அப்புறம் போலீஸ், அதற்கப்புறம் கவுன்சில். வெறுப்புக் கிறுக்கல்களைப் பல கவுன்சில்கள் ஒரே நாளில் அழித்துவிடும்; வரிசை மாறினால் போலீஸ் வரும்போது வெள்ளைச் சுவர்தான் இருக்கும்.

மெசூசா உடைந்து கிடந்தால் படம் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். உள்ளே இருப்பது புனித வசனம். குப்பையில் போடக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்.

மிரட்டல் கடிதம் வந்தால் ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். உறையையும் சேர்த்து வையுங்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கும். காகித உறையில் போடுங்கள். உள்ளே தூள் இருந்தால் கதையே வேறு: உதறாதீர்கள், மோராதீர்கள், அந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஃபேனை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கை கழுவி, 999.

பக்கத்துக் கடைகளின் கேமராக் காட்சி பல இடங்களில் 30 நாளுக்குள் தானாக அழிந்துவிடும், சில இடங்களில் சில நாளிலேயே. கடைக்காரரிடம் நகல் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் சட்டத்தைச் சொல்லி மறுக்கலாம். "இந்த நேரத்துக் காட்சியை அழியாமல் எடுத்து வையுங்க அண்ணே, போலீஸ் வந்து கேட்பாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கேமரா கடிகாரத்தையும் உங்கள் போனையும் ஒப்பிட்டு எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடைக்கால நேரத்துக்கு மாற்றாத கேமராவில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும். போலீஸ் தவறான மணியைத் தேடி "ஒன்றும் இல்லை" என்று முடித்துவிடும்.

நீங்கள் எடுத்த வீடியோவை வலைதளத்தில் போடாதீர்கள். சாட்சிகள் அதைப் பார்த்துவிட்டால், அடையாள அணிவகுப்பில் அவர்கள் காட்டும் முகம் தெருவில் பார்த்ததா, போனில் பார்த்ததா என்ற கேள்வி வரும்.

6. இணையத்தில் வந்தால்

இங்கே எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ரிப்போர்ட் பட்டன், பிறகு பிளாக், பிறகுதான் புகார். தளம் அந்தப் பதிவை நீக்கிவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்பு முதலில், போலீஸ் இரண்டாவது, தளம் மூன்றாவது, பிளாக் கடைசி.

மூன்று ஸ்கிரீன்ஷாட் வேண்டும்: பதிவு, அதன் மேலும் கீழும் உள்ள உரையாடல், எழுதியவரின் ப்ரொஃபைல். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பதிவின் நேரடி இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள். காட்டும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். அட் குறியோடு வரும் பயனர் பெயரைக் குறியுங்கள்.

வாட்ஸ்அப்பில் குழுத் தகவலைத் திறந்து, அனுப்பியவரின் எண் தெரியும்படி படம் எடுங்கள். அரட்டையை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ரிப்போர்ட் அழுத்தும்போது, பிளாக் செய்து அரட்டையை அழிக்கும் தேர்வும் கூடவே வந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் மூலத் தகவல்கள் போய்விடும். அசலை அழிக்காமல் வைத்திருங்கள்.

தமிழில் வருபவற்றுக்கு ஒரு வார்த்தை. "இல்லுமினாட்டி", "ரோத்சைல்டு குடும்பம் உலகத்தை ஆட்டிப்படைக்கிறது" என்று நம் குழுக்களில் சுற்றும் வீடியோக்களைப் பலர் சுவாரசியமான ரகசியத் தகவலாக நினைத்து அனுப்புகிறார்கள். ரோத்சைல்டு ஒரு யூத வங்கிக் குடும்பம்; அந்த வீடியோக்களில் பல, "யூதர்கள் மறைந்திருந்து உலகை ஆள்கிறார்கள்" என்ற பழைய யூத வெறுப்புக் கதையின் தமிழ்ப் பதிப்பு. பெரும்பாலானவை போலீஸ் புகாராக நிற்காது, ஆனால் தளத்தில் புகார் செய்யலாம், குழு நிர்வாகியிடம் சொல்லலாம். சிலேடையும் வட்டார வழக்கும் இருந்தால் புகாரில் அதன் பொருளை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள். "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று கண்டித்துப் பகிர்ந்தாலும் அது பரவத்தான் செய்யும்.

7. போலீஸில் என்ன சொல்வது

101-இலோ, போலீஸ் நடத்தும் ட்ரூ விஷன் இணையதளத்திலோ, நேரிலோ கொடுக்கலாம். முதல் வாக்கியத்திலேயே "ஆன்டிசெமிட்டிக் ஹேட் க்ரைம்" என்ற சொல்லைச் சொல்லிவிடுங்கள். "பக்கத்து வீட்டில் ஒரு பிரச்சினை" என்று தொடங்கினால் அண்டை வீட்டுத் தகராறு என்ற தலைப்பில் போய்விடும். பிறகு மாற்றுவது கஷ்டம்.

காரணம் கேட்டால் இனம், மதம் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். யூதர்கள் இங்கே சட்டப்படி ஒரு மதத்தவர் மட்டுமல்ல, ஓர் இனக்குழுவும் கூட. இது வெறும் சொல் விளையாட்டல்ல. 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் இன வெறுப்பைத் தூண்டுவதற்கு மிரட்டும், ஏசும், அவமதிக்கும் பேச்சு மூன்றும் வரும். வெறுப்பைத் தூண்டும் வாய்ப்பு இருந்தாலே போதும். மத வெறுப்பைத் தூண்டியதாகச் சொல்ல மிரட்டலும் வேண்டும், தூண்டும் நோக்கமும் வேண்டும். மதம் என்று மட்டும் குறித்தால் உங்கள் புகாரை நீங்களே உயரமான வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுகிறீர்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள், கட்டணம் கிடையாது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவர்கள் சொல்லும் வசையைப் பிள்ளைகள் கூச்சத்தில் மென்மையாக்கிவிடுவார்கள். வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு முன் முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

போனை வைக்கும் முன் எண் வாங்குங்கள். அழைப்புக்குக் கொடுக்கும் எண் வேறு, குற்றப் பதிவு எண் வேறு. முதல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு கேஸ் பதிவாகிவிட்டது என்று நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. "க்ரைம் ரெஃபரன்ஸ் நம்பர்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தாமதிக்காதீர்கள். மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கக்கூடிய சிறு குற்றங்களுக்குப் பொதுவாக 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

8. சி.எஸ்.டி-க்கும் சொல்லுங்கள்

போலீஸில் சொன்ன பிறகு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குற்றம் ஆகாத சம்பவங்களைப் போலீஸ் பதிவதற்கான விதிகள் 2023 முதல் இறுகிவிட்டன. சட்டம் தொடாத, ஆனால் ஒரு குடும்பத்தைப் பயத்தில் வைக்கும் விஷயங்கள் அங்கே விட்டுப்போகலாம். சி.எஸ்.டி 1984-இலிருந்து யூத வெறுப்புச் சம்பவங்களைத் தொகுத்து வருகிறது. எந்தச் சினகாக்குக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்த நேரத்தில் காவல் வேண்டும் என்று தீர்மானிக்க அந்தத் தகவல் உதவுகிறது. ஒரே கார் இரண்டு தெருவில் மெதுவாக ஊர்ந்து போனது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால், சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறது.

சொல்பவர் யூதராக இருக்க வேண்டியதில்லை. போலீஸிடம் நேரே போக அஞ்சுபவர்கள் சார்பில் அவர்களே புகார் கொடுக்கவும் முடியும். வருகிற எல்லாவற்றையும் யூத வெறுப்பு என்று அவர்கள் எழுதிக்கொள்வதில்லை, ஆராய்ந்து கணிசமானதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே உறுதியில்லாததையும் தயங்காமல் சொல்லலாம்.

9. புகாருக்குப் பிறகு

விசாரணை அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் வாங்கி, நடந்ததை எல்லாம் தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். அதே ஆள் மறுபடி வந்தால் பழைய குற்றப் பதிவு எண்ணைச் சொல்லிப் புதிய புகார் கொடுங்கள். தொடர்ச்சி தெரிந்தால்தான் அது தொந்தரவுக் குற்றமாகும்.

பாதிக்கப்பட்டவருக்கு, வாக்குமூலம் தவிர, தன் மேல் அது என்ன விளைவை ஏற்படுத்தியது என்று தனி அறிக்கை கொடுக்கும் உரிமை உண்டு. நடந்ததைத் திரும்பச் சொல்லும் இடம் அல்ல அது. பிள்ளை கிப்பாவுக்கு மேல் பேஸ்பால் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான், பாட்டி சனிக்கிழமை சினகாக்குக்குத் தனியாக நடப்பதை நிறுத்திவிட்டார் என்பது போன்றவற்றை எழுத வேண்டிய இடம். தண்டனை விதிக்கும்போது நீதிபதி இதைப் பார்ப்பார்.

ஆளைப் பிடித்து விசாரித்த பிறகும் வழக்குப் போடவில்லை என்றால், அந்த முடிவை மறுபடி பரிசீலிக்கக் கேட்கலாம். போலீஸ் எடுத்த முடிவானால் போலீஸிடம், அரசு வழக்குத் துறை எடுத்ததானால் அங்கே. முடிவைச் சொல்லும் கடிதத்திலேயே எப்படிக் கேட்பது என்று இருக்கும். ஆளே கிடைக்காமல் மூடிய கேஸுக்கு இந்த வழி இல்லை. புதுச் சாட்சியோ காட்சியோ கிடைத்தால், அதே குற்றப் பதிவு எண்ணைச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுங்கள், திரும்பத் திறப்பார்கள்.